ஆமென் வரை விழித்திருந்த நாள்

என் நோய் முதலில் தலைகாட்டியது நான் முழங்காலில் நிற்கும்போது.

சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டில் இரவு ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு பகுதி, பிறகு கட்டிலைச் சுற்றி மூன்று பேரும் முழங்கால்படியிடுவோம். நான், மனைவி எஸ்தர், மகள் பெனிட்டா. எஸ்தர்தான் ஜெபிப்பாள். "எங்கள் பரலோகப் பிதாவே" என்பது காதில் விழும். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் தெரியாது. நெற்றி மெத்தையில் கிடக்கும், நான் தூங்கியிருப்பேன். முடிந்ததும் மகள் தோளை உலுக்குவாள். அப்படியே கட்டிலில் ஏறிப் படுத்துவிடுவேன்.

இப்படியே பல வருஷம். யாரும் இதை நோய் என்று நினைக்கவில்லை. பக்தி போதவில்லை என்றுதான் நானும் நினைத்தேன். கோயிலில் என் குறட்டை கேட்க ஆரம்பித்தால் பிரசங்கம் நீண்டுவிட்டது என்று அர்த்தம் என்பார்கள். எஸ்தரின் தம்பி தங்கராஜ் ஒருநாள் எங்கள் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் சொன்னான்: "அத்தான், நீங்க விடுத குறட்டைக்கு வேப்பமரத்துக் காக்காயெல்லாம் வேற ஊரு பாத்துப் போயிட்டு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனர், பம்பாயில் இட்லிக் கடை, கேரளத்தில் ரப்பர்த் தோட்டம் என்று ஒரு இடத்தில் நிற்காமல் சுற்றினேன். கடைசியில் நெல் அறுக்கிற மிஷின் ஓட்டக் கற்றுக்கொண்டேன். எங்கே கதிர் விளைந்திருக்கிறதோ அங்கே போக வேண்டிய வேலை. எனக்குப் பொருந்திய வேலை. கிடைத்த இடத்தில் கிடைத்த நேரத்தில் தூங்குவது எங்கள் ஆட்களுக்குப் பழக்கம். அதனால் என் தூக்கம் எனக்கு வித்தியாசமாகவே படவில்லை.

காலையில் எழுந்ததும் தலை கனக்கும். வாய் காய்ந்து கிடக்கும். இரவில் மூன்று நான்கு தடவை ஒன்றுக்குப் போக எழுவேன். எட்டு மணி நேரம் படுத்தாலும் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். இதைப் படிக்கிற உங்களுக்கும் இவையெல்லாம் இருந்தால் தயவுசெய்து மேற்கொண்டு படியுங்கள்.

போன கார் பருவ நெல் அறுவடையில் அது நடந்தது. மதியம் மூன்று மணி. ஊருக்குப் பக்கத்திலேயே, கால்வாய்க்குக் கீழே உள்ள வயல். மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் ஆசனத்தில் இருக்கிறேன், கண் திறந்திருந்ததாகத்தான் என் ஞாபகம். யாரோ கத்துகிற சத்தம் கேட்டுப் பார்த்தால் முன்னால் பச்சையாக இருக்கிறது. வரப்பு ஏறி அடுத்த வயலுக்குள் போய்விட்டேன். அது பிந்தி நட்ட வயல். மணியில் பால்கூட இறுகவில்லை. இரண்டு வரிசை நீளத்துக்கு அந்தப் பச்சைக் கதிரை அறுத்துத் தள்ளியிருந்தேன்.

வயல்காரர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மிஷின் முதலாளி அண்ணாச்சி வந்து, என்னைத் திட்டாமல், சாவியை உருவிக்கொண்டார்.

"கதிரா இருந்ததால தப்பிச்சோம்வே. ஆளா இருந்தா?" என்றார். "போயி ஒடம்பப் பாத்துட்டு வாரும். அதுவரைக்கும் சாவி எங்கிட்ட இருக்கட்டும்."

அந்தச் சாவியைத் திரும்ப வாங்க வேண்டும். அப்போது எனக்கு இருந்த ஒரே எண்ணம் அதுதான். வேறு முதலாளியிடம் போயிருக்கலாம். ஆனால் அண்ணாச்சி கேட்ட கேள்வி என்னோடு கூடவே வந்தது.

பக்கத்துக் கிளினிக்கில் பார்த்தார்கள். இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். சர்க்கரை இல்லை. சத்துக்கு ஒரு மருந்து. பகலில் தூக்கம் வருகிறது என்றேன், இரவில் நன்றாகத் தூங்குங்கள் என்றார்கள். இரவில் நன்றாகத் தூங்குகிறேனே என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன். உபவாசம் இருந்து பார்த்தேன், தூக்கம் விடவில்லை. அதன் மேல் பசி வேறு.

இனி சொல்லப்போவது ஒரு கடைவாய்ப் பல்லைப் பற்றி. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

அந்த வாரம் பல் வீங்கி, காது வரைக்கும் குத்தியது. இரவு ஜெபத்துக்கு வழக்கம்போல முழங்கால்படியிட்டேன். நெற்றியை மெத்தையில் வைத்தால் பல் தெறிக்கிறது, நிமிர்ந்தாலும் தெறிக்கிறது. தூங்க வழியே இல்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக என் மனைவியின் ஜெபத்தை முழுசாகக் கேட்டேன்.

எஸ்தர் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி விடுதியில் சமையல் செய்கிறாள். விடுதிப் பிள்ளைகளுக்காக ஜெபித்தாள். தங்கராஜுக்கு நல்ல பெண் அமையக் கேட்டாள். மகளின் கணக்குப் பரீட்சை வந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தபோது அவள் குரல் தாழ்ந்தது.

"ஆண்டவரே, இவங்களுக்குத் தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது. நேத்து நான் முப்பது எண்ணுத வரைக்கும் வரல. உலுக்குன பெறகுதான் வந்துச்சு. இன்னைக்கும் அந்த மூச்ச நிறுத்தாம காத்துக்கொள்ளும் பிதாவே. நான் அசந்துட்டாலும் நீர் அசராதேயும்."

"ஆமென்" என்றாள் மகள். தினமும் கேட்டுப் பழகிய குரலில், கொட்டாவியோடு.

நான் கண்ணைத் திறந்தேன். என்னை உலுக்க வந்த பெனிட்டா, நான் விழித்திருப்பதைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டாள். எஸ்தரின் முகத்தில் களவு அகப்பட்ட மாதிரி ஒரு பார்வை.

எத்தனை வருஷமாக என்று கேட்டேன். மகள் கைப்பிள்ளையாக இருந்ததிலிருந்து என்றாள். அப்படியென்றால் ஒன்பது வருஷம். அவள் காலை முதல் பஸ்ஸுக்கு நாலரைக்கு எழ வேண்டியவள். அதுவரைக்கும் என் பக்கத்தில் படுத்து, மூச்சு நின்றால் எண்ணி, வராவிட்டால் உலுக்கி, மறுபடி படுத்து, ஒன்பது வருஷம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தெனமும் உங்க பக்கத்துல இருந்துதானே சொல்லுதேன்," என்றாள். "நீங்கதான் தூங்கிட்டீய."

எனக்குச் சிரிப்பு வந்தது. பல் வலியில் சிரிக்கவும் முடியவில்லை. ஆனால் உள்ளே ஏதோ ஓடத் தொடங்கிவிட்டது. என் நோய்க்கு ஒரு சாட்சி இருக்கிறது. அது என் வீட்டிலேயே, என் தலைமாட்டிலேயே இருந்திருக்கிறது.

பல்லைப் பிடுங்கிய கையோடு பாளையங்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். தொண்டை மருத்துவர் ஒரு அம்மா. கழுத்துச் சுற்றளவை நாடா வைத்து அளந்தார். வாயைத் திறக்கச் சொல்லி உள்நாக்கைப் பார்த்தார். பிறகு நான் பேசப் பேச என்னைக் கையமர்த்திவிட்டு எஸ்தரைப் பார்த்தார். நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

எஸ்தர் எல்லாவற்றையும் சொன்னாள். மல்லாந்து படுத்தால் அதிகம், ஒருக்களித்தால் குறைவு. முதலில் குறட்டை ஏறும், பிறகு சத்தமே இருக்காது, பிறகு தண்ணீரிலிருந்து மேலே வருகிற மாதிரி ஒரு திணறல். விடியப்போகும் நேரத்தில்தான் ரொம்ப மோசம். மருத்துவர் எழுதிக்கொண்டே போனார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அதன் பிறகு எஸ்தர் ஒரு கேள்வி கேட்டாள். "ஜெபம் பண்ணிட்டே இருந்துட்டேன் டாக்டர். அது தப்பா?"

"தப்பில்லம்மா. நீங்க எண்ணி வச்சது எனக்குப் பாதி வேலையை முடிச்சுட்டுது," என்றார் அவர். "ஆனா ஆண்டவர்கிட்ட இவ்வளவு விவரமா சொன்னவங்க, எங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்."

எஸ்தர் முதலில் அழுதாள். பிறகு சிரித்தாள்.

என் நோயின் பெயர் ஸ்லீப் ஆப்னியா (தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து காற்றுப் பாதை அடைபட்டு, மூச்சு நின்று நின்று வருவது). மூச்சு நிற்கும்போதெல்லாம் மூளை நம்மை அரைகுறையாக எழுப்பிவிடும். நமக்கு அது நினைவிருக்காது. நான் தூங்குவதாக நினைத்ததெல்லாம் தூக்கமே இல்லை.

அதை உறுதிசெய்ய ஒரு இரவு தூக்கப் பரிசோதனை (உடம்பில் வயர்களை ஒட்டி, தூங்கும்போது மூச்சையும் இதயத் துடிப்பையும் பதிவு செய்வது). தலையிலும் நெஞ்சிலும் வயர், மூக்கில் குழாய், விரலில் ஒரு கிளிப். நின்றபடியே தூங்குகிற எனக்கு அன்றைக்குப் பார்த்துத் தூக்கம் வரவில்லை. எஸ்தருக்குப் போன் போட்டு ஜெபிக்கச் சொன்னேன். காலையில் அங்கே வேலை பார்க்கிற தம்பி சொன்னார், போன் கையில் இருக்கும்போதே தூங்கிப் போய்விட்டீர்கள், அந்த அக்கா ஆமென் சொல்லி முடிக்கிற வரைக்கும் நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று. ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு நின்றது என்று மருத்துவர் சொன்ன எண்ணை, சரியாகத்தான் சொல்கிறாரா என்று இரண்டாவது முறை கேட்டேன்.

சிகிச்சைக்கு சிபாப் (மூக்கு வழியாக விடாமல் காற்றை அனுப்பித் தொண்டையை மூடவிடாமல் வைக்கும் கருவி). தினமும் முகத்தில் கவசம் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். எடை குறைக்க வேண்டும். மல்லாந்து படுக்கக் கூடாது. இரண்டு மாதம் கழித்து, கருவியில் இருக்கும் பதிவைப் பார்த்துத்தான் மிஷின் ஓட்டலாமா என்று சொல்வேன் என்றார் மருத்துவர்.

கவசம் போட்டபின் வாய் திறந்தால் காற்று வாய்வழியே பீறிட்டு வரும், பேச முடியாது. ஆகவே சொல்ல வேண்டியதை எல்லாம் அதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக நான் சத்தமாக ஜெபித்தேன். எனக்கு நீளமாக ஜெபிக்கத் தெரியாது. "ஆண்டவரே, இன்னைக்குள்ளத முடிச்சாச்சு. முடியாதத உம்ம கையில வைக்கேன். தூங்கப் போறேன்." அவ்வளவுதான். பெனிட்டா ஒரு கண்ணைத் திறந்து, இவ்வளவுதானா என்று பார்த்தாள்.

முதல் இரவு இரண்டு மணி நேரம் போட்டேன், மூச்சு முட்டிக் கழற்றினேன். இரண்டாம் இரவு மூன்று. நான்காம் இரவு மாட்டினேன், விடிந்துவிட்டது. நான் சொல்வது நம்பக் கஷ்டமாக இருக்கும். எழுந்து உட்கார்ந்தால் தலை கனக்கவில்லை. வாசலுக்கு வந்தால் எதிர்வீட்டுச் சுவரில் செங்கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. அன்று மதியம் மூன்று மணிக்கு நான் முழுசாக விழித்திருந்தேன். அந்த நேரத்தில் வெயில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே எனக்குப் புதுச் செய்தி. தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திப் பேசினேன். தங்கராஜ் வந்து, "அத்தானுக்கு என்னக்கா, லாட்டரி விழுந்துட்டா?" என்று கேட்டான்.

ஆனால் எஸ்தர் தூங்கவில்லை.

நான் குறட்டை இல்லாமல், சீராக மூச்சு விட்டுத் தூங்குகிறேன், அவள் பக்கத்தில் விழித்துக் கிடக்கிறாள். மூன்று வாரம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. ஒன்பது வருஷக் காவல், உடம்பில் ஊறிப்போய்விட்டது. கருவியின் மெல்லிய இரைச்சல் நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஜெபத்திலும் அந்த வரி போகவில்லை. மூச்ச நிறுத்தாம காத்துக்கொள்ளும்.

இனி அதை விட்டுவிடேன் என்றேன். விட்டால் பயமாக இருக்கிறது என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் கொஞ்சம் யோசித்தேன்.

"விட வேண்டாம். எங்கிட்ட குடு," என்றேன். "மூச்சுக்கு இனிமே நான் கேட்டுக்கிடுதேன். என் மூச்சுதானே. நீ உன் தூக்கத்துக்குக் கேளு."

"மறக்காம கேப்பீயளா?" என்றாள் எஸ்தர்.

"பெனிட்டா சாட்சி," என்றேன்.

அன்றைக்கு என் மூச்சுக்காக நான் கேட்டேன். எஸ்தருக்குத் தனக்காகக் கேட்க வார்த்தை வரவில்லை. "எனக்குத் தூக்கம் தாரும்" என்று மட்டும் சொன்னாள். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது என்று பிறகு சொன்னாள். அன்றே ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாறு நாள் போனது. பிறகு ஒரு காலையில் நான் கண் விழித்தபோது ஜன்னலில் நல்ல வெளிச்சம். மணி ஏழு. முதல் பஸ் போய், அடுத்த பஸ்ஸும் போயிருக்கும். எஸ்தர் வாயைத் திறந்துகொண்டு, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுப்பவில்லை. பெனிட்டாவையும் பைய வெளியே கூட்டிப் போனேன். விடுதிக்கு நானே போன் செய்து, இன்றைக்கு அவளுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, அதனால் வரவில்லை என்றேன். எதிர்முனையில் இருந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜெபத்தில் தூங்கிவிடுகிறவர்களுக்கும், ஜெபித்த பிறகும் தூக்கம் வராதவர்களுக்கும் நான் சொல்ல இதுதான் உண்டு. உங்கள் மீது கோபப்படாதீர்கள். பக்கத்தில் படுக்கிறவரிடம் கேளுங்கள், நான் தூங்கும்போது என்ன நடக்கிறது என்று. அவர் சொல்வதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். பிறகு ஜெபியுங்கள். நீளம் வேண்டாம். மனதில் கிடப்பதை மட்டும் சொல்லிவிட்டுப் படுங்கள்.

இரண்டு மாதம் முடிந்து மருத்துவர் பதிவைப் பார்த்தார். ஒரு இரவுகூட விடவில்லை, இனி மிஷின் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். அண்ணாச்சி அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். அடுத்த பருவமான பிசான அறுவடைக்கு நான்தான் ஓட்டினேன்.

இப்போது இதைத் தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். நெல் மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் பிளக் இருக்கிற மூலை எனக்கு என்று கூட வந்த பையன்கள் ஒதுக்கிவிட்டார்கள். கவசத்தைப் பார்த்து விமானம் ஓட்டப் போகிறீரா என்று கேலி செய்கிறார்கள். மாட்டுவதற்கு முன் என் மூன்று வரியைச் சொல்கிறேன். மூச்சுக்கும் கேட்கிறேன். காலையில் எழுந்தால் கையும் காலும் என்னுடையவையாக இருக்கின்றன.

முன்பெல்லாம் எனக்கு நாட்கள் முடிந்ததே இல்லை. ஒரே பகல் பல வருஷமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. இன்று காலை பல் தேய்க்கும்போது, முந்தின நாள் அறுத்த வயல் ஞாபகம் வந்தது. அது எங்கோ தள்ளி, முடிந்துபோய் இருந்தது. நாற்பத்தாறு வயதில் எனக்கு நேற்று என்று ஒன்று கிடைத்திருக்கிறது.