‘சி’க்குப் பதில் ‘ஏ’

ஜூரோங்கில் எங்கள் அலுவலகம் கழித்துப் போட்ட பழைய லேப்டாப் ஒன்று எனக்குக் கிடைத்தது. டாஸ் என்ற இயக்க மென்பொருளை ஏற்றினால்தான் அது வேலை செய்யும். மேனேஜர் லிம், வெளியே இணைக்கும் டிரைவையும் தன்னிடமிருந்த ஒரே டாஸ் ஃப்ளாப்பி டிஸ்கையும் இரவல் தந்தார். “கவனம் லா, வேறு காப்பி கிடையாது” என்று ஆங்கிலத்தில் பலமுறை எச்சரித்தார்.

தோ பாயோ வீட்டில், சாப்பாட்டு மேசைமேல் எல்லாவற்றையும் இணைத்து, டிரைவில் டிஸ்கைப் போட்டேன். லேப்டாப்புக்கு உள்ளே இருக்கும் ‘சி’ டிரைவை முதலில் சுத்தமாக அழிக்க வேண்டும். நானோ ‘சி’க்குப் பதில் ‘ஏ’ என்று தட்டி, என்டரையும் அழுத்திவிட்டேன். ‘ஏ’ என்றால் லிம்மின் டிஸ்க்! டிரைவ் கரகரவென்று ஓடியபோதுதான் உறைத்தது.

“கமலா, மேனேஜர் டிஸ்கை அழிச்சிட்டேன்! என் வேலை போச்சு!”

மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். திரையில், இந்த டிஸ்கில் எழுத முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்திருந்தது. டிஸ்கை உருவிப் பார்த்தேன். ஓரத்திலிருந்த சதுர வெட்டின்மேல் முன்னும் பின்னும் ஸ்டிக்கர் பொட்டு!

“ஓரம் கிழிஞ்சிருந்துச்சுங்க. உங்களைத் திட்டுவாரேன்னு நான்தான் ஒட்டினேன்” என்றாள்.

அந்த வெட்டை மூடிவிட்டால் டிஸ்கில் எதையும் அழிக்க முடியாது என்று பிறகுதான் கையேட்டில் படித்தேன்.

இப்போது இரவல் டிஸ்க் எது வந்தாலும் கமலா பொட்டு வைத்த பிறகே டிரைவில் போடுகிறேன். “என்ன, பூஜையா?” என்று லிம் கேட்கிறார். ஆமாம் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.