முன் கண்ணாடி

அலுவலகத்தில் அவளுக்குக் கமா மேடம் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

முதலில் அவள் லென்ஸ் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். தான் வடிவமைத்த தொலைநோக்கிக்கு யாரோ எழுதிய கையேட்டை ஒருநாள் படித்துவிட்டு, "இதைப் படிச்சா தெரியறதும் தெரியாமப் போயிடும்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். "அப்ப நீங்களே எழுதுங்க" என்றார் மேனேஜர். அன்றிலிருந்து எழுத்துதான். இரண்டும் ஒரே வேலை, கலங்கல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்பாள். அடுத்தவர் எழுத்தில் ஒரு கமா குறைந்தாலும் அவளுக்குக் கை அரிக்கும்.

அவளுடைய அக்காவுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. தங்கை கண்ணாடிக் கடையில் கணக்கு எழுதுகிறாள் என்று உறவு முழுக்கப் பரப்பி வைத்திருந்தாள்.

இப்போது மேனேஜருக்குப் புது யோசனை. "யாருங்க படிக்கிறாங்க? நாலு படம் போட்டாப் போதும். நீங்க பழையபடி லென்ஸுக்கே போயிடுங்க" என்றார். அவள் விடவில்லை. ருசி கண்ட பூனை அல்லவா? மல்லுக்கு நின்றாள். கடைசியில் ஓர் ஒப்பந்தம்: தொலைநோக்கியைத் தொட்டே பார்க்காத ஒருவர் கையேட்டை மட்டும் படித்து அதில் பார்த்துவிட்டால், எழுத்து பிழைக்கும். அதுவரை அவள் வாயைத் திறக்கக் கூடாது.

அக்காவை அழைத்து வந்தாள்.

அக்கா தன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தாள். "முன் கண்ணாடியில் விரல் படக் கூடாது." சரி என்று தலையாட்டினாள். பக்கத்தைப் புரட்டினாள். "பார்ப்பதற்கு முன் கண்ணாடியைக் கழற்றவும்."

மூக்கில் இருந்ததை அக்கா தொடவே இல்லை. தொலைநோக்கியின் முன்னால் இருந்த பெரிய கண்ணாடியைக் கைக்குட்டையால் பிடித்து, விரல் படாமல், பதவிசாகத் திருகிக் கழற்றி மேசையில் வைத்தாள்.

கமா மேடம் எட்டி அந்த வரியைப் பார்த்தாள். 'முன்' என்ற சொல்லுக்குப் பிறகு கமா இல்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்தே விட்டது.

"ஒண்ணும் தெரியலையே" என்றாள் அக்கா, குழாயில் கண்ணை வைத்து.

மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அவங்க கழட்டச் சொன்னது உங்க மூக்குல இருக்கிறதைம்மா."

"இதைக் கழட்டிட்டா அவ எழுதினதை எப்படிங்க படிக்கிறது?"

 

அக்கா யாரையும் கேட்கவில்லை, கையேட்டைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் 'முன் கண்ணாடி கழன்றுவிட்டால்' என்று இருந்தது. வரிவரியாகப் படித்து, சிவப்புப் புள்ளியைச் சிவப்புப் புள்ளியோடு சேர்த்து, திருகி மாட்டினாள். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குமிழைத் திருப்பினாள்.

"எதிர் மாடியில சட்டை காயுது. மூணாவது பட்டன் இல்லை."

மேனேஜர் குனிந்து தானும் பார்த்தார். பட்டன் இல்லைதான்.

"கழட்ட வச்சதும் உங்க எழுத்து, மாட்ட வச்சதும் உங்க எழுத்து" என்றார். "படம் வேண்டாம். அந்தக் கமாவை மட்டும் வச்சிடுங்க."

அவள் பேனாவை எடுத்து, 'முன்' என்ற சொல்லுக்குப் பிறகு கமாவைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தாள்.  வராந்தாவில் அக்கா யாரிடமோ போனில் பேசுவது கேட்டது.

"கண்ணாடிக் கடை இல்லடி, எழுதுறா. ஒரு கமா விட்டுப்போனா கண்ணாடியே கழண்டு வந்துடும். அவ்வளவு பெரிய வேலை."