கோணேசர் மலையைக் கடக்காத கப்பல்

திருகோணமலையில் ஒருவன் கப்பலேறினால் வீட்டார் துறைமுகத்துக்குப் போய் வழியனுப்புவதில்லை. காவல் வாசலுக்கு இந்தப் பக்கம் நின்று கம்பிவேலியைப் பார்த்து அழுவதில் என்ன இருக்கிறது? அவர்கள் கோணேசர் மலைக்கு ஏறுவார்கள். பூசை முடிந்ததும் பாறை விளிம்பில் தேங்காய் உடைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். கப்பல் மலையடியால் வடக்கே போகும்போது மேலே நிற்பவர் வெள்ளைத் துணி ஆட்டுவார், கப்பலில் நிற்பவன் தானும் ஆட்டுவான். முகம் தெரியாது. துணி தெரிந்தால் போதும்.

என் மனைவி அப்படி மலைக்கு வருவதாகச் சொன்னது எனக்குப் பெரிய விஷயம். அதற்கு முன் அவள் என்னோடு கதைத்தே பல நாளாகியிருந்தது.

வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போனதோடு, அவனுடைய அதிகாரிகளுக்குச் சமைத்த குசினியும் மூடப்பட்டது. என் வேலையும் போயிற்று. பட்ட காலிலே படும் என்பார்கள். அந்த வருடமே எங்கள் ஒரே பிள்ளை காய்ச்சலில் இறந்தது. அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த பிள்ளை. வேலையில்லாதவன் வீட்டில் சாவு விழுந்தால் துக்கத்துக்கும் மரியாதையில்லை. வந்தவர்கள் எல்லாரும் எனக்குப் புத்திமதிதான் சொன்னார்கள். தேயிலை ஏற்ற வந்த, கல்கத்தா போகவிருந்த ஒரு சரக்குக் கப்பலில் குசினிக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.

"பிள்ளையைக் குழியிலை தாட்ட மண் இன்னும் காயேல்லை. நீங்கள் பெட்டி கட்டுறீங்கள்," என்றாள் மனைவி. அதன்பிறகு சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேச்சில்லை. நான் புறப்பட்ட அன்று காலையில்தான் வாசலுக்கு வந்தாள். தளத்துக் குசினியில் நான் கட்டிய பழைய வெள்ளை ஏப்ரன் அவள் கையில் இருந்தது.

"பின்னேரம் மலைக்கு வாறன். இதை ஆட்டுவன். நீங்களும் ஆட்டினால், என்னை விட்டிட்டு ஓடேல்லை எண்டு நினைச்சுக்கொள்ளுவன்."

"கை கழண்டு விழுமட்டும் ஆட்டுவன்," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

கப்பல் துறைமுகத்தின் நடுவில் நங்கூரமிட்டிருந்தது. வள்ளத்தில் போய், பெட்டியைக் கயிற்றில் ஏற்றிவிட்டு, ஆடும் ஏணியில் தொற்றி ஏறினேன். தலைமைச் சமையல்காரர் தூத்துக்குடிக்காரர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கீழே கூட்டிக்கொண்டு போனார். காற்றே நுழையாத அறை. யன்னல் வட்டத்தை யாரோ பெயின்ற் பூசி ஒட்டவைத்திருந்தார்கள்.

"இதுதான் உன் படுக்கை. இதுல இருந்தவன் போன துறைமுகத்துல இறங்கினான், திரும்பி வரல. மெத்தையைத் தட்டிப் போட்டுக்க," என்றார்.

தட்டினேன். அவனுடைய தலையெண்ணெய் நாற்றம் போகவில்லை. சுவரில் அவன் ஒட்டிய ஒரு பெண்பிள்ளையின் படம், மூன்று வயதிருக்கும். அதைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை. பெட்டியை அதற்கு முன்னால் நிமிர்த்தி வைத்து மறைத்துவிட்டு, குசினிக்குப் போய் வெங்காயம் உரிக்கத் தொடங்கினேன்.

"கல்கத்தா போய்ச் சேர எத்தனை நாள் பிடிக்கும்?" என்று சமையல்காரரிடம் கேட்டேன்.

"கல்கத்தாவா? காலையிலேயே உத்தரவு மாறிடுச்சே. கொழும்புக்குப் போறோம், மிச்சச் சரக்கு அங்க இருக்கு."

கத்தி கையிலேயே நின்றது. கொழும்புக்கென்றால் கப்பல் துறைமுக வாசலில் தெற்கே திரும்பும். கோணேசர் மலைப் பக்கமே போகாது. எங்கள் ஊர்ச் சனத்துக்கு இது புத்தியில் ஏறுவதில்லை. ஆள் ஏறிப்போன கப்பல்கள் எல்லாம் இந்தியாவுக்கே போனதால், கப்பல் என்றால் மலையடியால்தான் போகும் என்று அவர்களுக்கு நினைப்பு.

மேல்தட்டுக்கு ஓடினேன். கப்பலடியில் வாழைக்குலை விற்ற, அக்கரைக் கிண்ணியா ஊர் முஸ்லிம் ஒருவர் வள்ளத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர்களை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"காக்கா! என்ரை மனிசி கோணேசர் மலையிலை வந்து நிப்பா. கப்பல் தெற்கை போகுதெண்டு ஆரிட்டையாவது சொல்லிவிடுங்கோ!"

அவர் காற்றைப் பார்த்தார். "டவுன் பக்கம் இப்ப ஏலாது தம்பி, காத்து எதிர்க்க நிக்கிது. நான் கிண்ணியாவுக்குப் போறன். நாளைக்கு வரக்குள்ள கட்டாயம் சொல்றன்."

நல்ல மனிதர். நாளைக்குச் சொல்லி என்ன செய்ய?

பின்னேரம் நங்கூரம் தூக்கினார்கள். சமையல்காரர் கூப்பிடக் கூப்பிட நான் தட்டிலேயே நின்றேன். துறைமுக வாசலைத் தாண்டியதும் இடப்பக்கம் தூரத்தில் மலை தெரிந்தது, உள்ளங்கையளவு. கப்பல் வலப்பக்கம் திரும்பியது. பைத்தியக்காரன்போலத் துவாயை எடுத்து ஆட்டினேன். தெரியாது என்று தெரிந்துகொண்டே ஆட்டினேன்.

அப்போதுதான் எங்களுக்குப் பின்னால் வந்த எண்ணெய்க் கப்பலைக் கண்டேன். அது இடப்பக்கம் திரும்பி, நேரே மலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதைத்தான் என் கப்பல் என்று நினைப்பாள். "போகாதே, போகாதே" என்று அந்த இரும்பைப் பார்த்துக் கத்தினேன்.

கொழும்பில் இறங்கியதும் நடந்ததை எழுதிப் போட்டேன். பதிலில்லை. அடுத்த வருடம் ஊருக்கு வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. அவள் சாம்பல்தீவில் தாய் வீட்டில் இருந்தாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன்.

"உங்கடை கடிதம் கிடைச்சது. அது வேறை கப்பல் எண்டு விளங்கினது."

"பிறகென்ன?"

"தட்டிலை ஒராள் நிண்டது. இருட்டுமட்டும் ஏப்ரனை ஆட்டினனான். அந்தாள் பாத்துக்கொண்டே நிண்டுது, கையைத் தூக்கேல்லை. அண்டைக்கே உங்களையும் பிள்ளையோடை சேத்துத் தாட்டிட்டன். கடிதம் வந்ததெண்டு திரும்பத் தோண்ட ஏலுமே?"

பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். வெளியாள் வந்தால் செய்வதுபோல, கதிரையை இழுத்துப் போட்டு, இருக்கச் சொல்லித் தந்தாள்.