விலை குறைந்த மாத்திரை

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்த பிறகு, தினமும் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை அம்மா என்னிடம் விட்டிருந்தாள். எனக்குப் பத்து வயது. எதையும் கட்டம் போட்டு எழுதிவைக்கிற பழக்கம் அப்போதே உண்டு. ஒரு நோட்டில் தேதி, வேளை, எண்ணிக்கை என்று மூன்று கட்டம் போட்டிருந்தேன். எண்ணிக்கையில் ஒருநாள் ஒன்று, மறுநாள் சுழி என்று மாறி மாறி வரும். மாத்திரை விலை அப்படி. ஒரு மாதத்து மாத்திரையை அப்பா இரண்டு மாதத்துக்கு இழுப்பார். இது தெரியாத டாக்டர், சர்க்கரை இறங்கவில்லையே என்று அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் கம்பம் டவுனில் அரசாங்கத்தின் மலிவு விலை மருந்துக் கடை திறந்தது. அம்மா சீட்டைக் காட்டி, பழைய விலையில் சிறு பங்குக்கு ஒரு மாத மாத்திரையை வாங்கி வந்தாள். அட்டையும் பெயரும்தான் வேறு, உள்ளே இருக்கும் மருந்தும் அளவும் அதேதான் என்று கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சுருளிப்பட்டிப் பக்கம் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். கொடிக்குச் சாம்பல் நோய் வந்தால் தெளிக்கிற மருந்தில், விலை குறைந்ததை வாங்கினால் ஒரு மூடிக்குப் பதில் இரண்டு மூடி ஊற்றுவார்கள். மலிவானதில் வீரியம் பாதிதான் என்பது தோட்டக்காரர்களின் கணக்கு.

மறுநாள் காலை, அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது ஒரு மாத்திரையை நீட்டினேன்.

"ரெண்டா எடு ஆத்தா," என்றார் அப்பா.

"சீட்டுல ஒண்ணுன்னுதான இருக்கு?"

"அது அந்த மாத்திரைக்கு. இம்புட்டு வெலைக்கு விக்கிறவன் மருந்த முழுசாவா போட்டிருப்பான்? ரெண்டு போட்டாத்தேன் ஈடாகும். அம்மாட்டச் சொல்லிராத, என்னையப் பிரிச்சு மேஞ்சிருவா."

எனக்கு அது சரியாகவே பட்டது. கட்டத்தில் இரண்டு என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் பள்ளி விடுமுறை. திராட்சை வியாபாரி வருவதாகச் சொல்லியிருந்ததால், இரண்டு மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பினார் அப்பா. நானும் கூடப் போனேன். பந்தலுக்கடியில் நின்று அழுகல் காய்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கத்தரியைக் கீழே போட்டார். பனி விலகாத காலையில் சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து அவர் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு தலைக்கு மேல் தொங்கிய குலையில் ஒரு கொத்தைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோனார்.

பாய்ந்து கையைத் தட்டிவிட்டேன். சர்க்கரைக்காரர் இனிப்பைத் தொடக் கூடாது என்பது வீட்டில் சட்டம், காவலுக்கு நான். அவர் மறுபடி பறித்தார். மறுபடி தட்டினேன். மூன்றாம் முறை கையைத் தூக்க அவருக்குத் தெம்பில்லை. கல்தூணில் சாய்ந்து அப்படியே வழுக்கி உட்கார்ந்தார். கண் திறந்திருந்தது, பார்வை என் மேல் இல்லை.

என் அலறலுக்குப் பக்கத்துத் தோட்டத்து அத்தை வேலியைத் தாண்டி ஓடிவந்தாள். சொந்தமில்லை, பழக்கத்தில் அத்தை.

"ஏ புள்ள, சர்க்கரை எறங்கிருச்சுடி! எங்க வீட்டு அவுகளுக்கும் இப்பிடித்தேன் வந்துச்சு. இனிப்பா என்ன இருக்கு?"

"இனிப்புக் குடுக்கக் கூடாது அத்த!"

"ஆமா, இவ பெரிய டாக்டரம்மா. தள்ளுடி அங்கிட்டு!"

தன் ஆட்களுக்குக் கொண்டுவந்திருந்த சீனி டீயைத் தூக்குவாளி மூடியில் ஊற்றி, அவர் தலையை நிமிர்த்திப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் வைத்தாள். "முழுங்குண்ணே, முழுங்கு." நான் எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் ஐந்து வாய் கடைவாயில் வழிந்தது. ஆறாவது தொண்டையில் இறங்கியது. வெகுநேரம் கழித்து, "சுடுது" என்றார் அப்பா.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அம்மாவும் வந்து சேர்ந்தாள்.

"மாத்திரை எத்தனை போட்டீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"ஒண்ணுதேன் சார். எழுதிக் குடுத்தபடி." சொல்லிவிட்டு அப்பா என்னைப் பார்த்தார்.

அம்மாவும் திரும்பினாள். "நீதான எடுத்துக் குடுத்த? எத்தன?"

சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணு," என்றேன். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் இரண்டு என்று எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

டாக்டர் நம்பியும் நம்பாமலும் ஒருநாள் வைத்திருந்து அனுப்பினார். தெருவுக்கு அந்தச் சந்தேகம்கூட வரவில்லை. "ஒண்ணுதேன் போட்டாகளாம். அதுக்கே ஆளச் சாச்சிருச்சு, அந்தக் கடை மாத்திர," என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அப்பா மறுக்கவில்லை. பழைய கடைக்கே திரும்பினார். ஒன்றும் சுழியும் மறுபடி மாறி மாறி வந்தன.

அத்தைக்கு ரத்தக் கொதிப்பு. அவளும் மலிவு விலைக் கடையில்தான் வாங்கிவந்தாள். இந்தப் பேச்சைக் கேட்டு மீதி மாத்திரைகளைக் குப்பையில் போட்டாள். பழைய கடை விலைக்குத் தினமும் கட்டுப்படியாகாது என்று, தலை சுற்றுகிற நாளில் மட்டும் ஒன்று போட்டுக்கொண்டாள். கொடிகளை வெட்டிவிடுகிற அடுத்த கவாத்து நேரத்தில் அவளுடைய வலது கை விழுந்துவிட்டது. வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

அம்மாவோடு பார்க்கப் போனேன். "அந்தக் கடை மாத்திரையக் கொஞ்ச நாள் தின்னால்ல, அது செஞ்ச வேலதேன்," என்றாள் அங்கிருந்த ஒருத்தி. அம்மா தலையாட்டினாள். அத்தை என்னைக் கண்டு சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கோணிய அந்த வாயைப் பார்த்துத்தான் அழுகிறேன் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.