மலைக்கோயிலில் நனைந்த சொக்ஸ்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். மலைக்குப் போனேன், சொக்ஸ் நனைந்தது, திரும்பி வந்தேன். இதில் எழுத என்ன இருக்கிறது என்று பேனையை மூடியும் வைத்துவிட்டேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது, வேறு வேலையும் இல்லை.

இத்தாலியில், பலெர்மோ நகரில் வீட்டு வேலை செய்கிற எங்களுக்கு வியாழன் மத்தியானம்தான் விடுதலை. வீட்டு எசமானிகளான சிஞ்ஞோராமார் எல்லாரும் கூடிப் பேசி வைத்தது போல அந்த அரை நாளைத்தான் தருவார்கள். கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளிக்கிட்டால் வியா மக்வேதா தெரு முழுக்க எங்கள் ஆட்களின் முகம்தான். என் கூட்டாளியின் முகம் மட்டும் அதில் இருக்காது.

அவனும் நானும் ஒன்றாக இந்த ஊருக்கு வந்து, ஒரே கட்டிலில் தலைமாறிப் படுத்தவர்கள். பிறகு அவனுக்குப் பகேரியாவில் வேலை கிடைத்தது. ரயிலேறினால் கொஞ்ச நேரப் பயணம்தான். ஆனால் அவனுடைய சிஞ்ஞோரா செவ்வாய்க்கிழமைதான் லீவு கொடுப்பா. நான் ஊர் சுற்றும்போது அவன் தரை துடைப்பான். அவன் ஊர் சுற்றும்போது நான் இஸ்திரிப் பெட்டியால் சட்டை மினுக்குவேன்.

லீவை வியாழனுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளடா என்று சொல்லத்தான் கிழமைக்கொரு தடவை டெலிபோன் கூண்டுக்குள் போவேன். போனால் வாய் வேறெதையோ கதைக்கும்.

"உன்ரை சிஞ்ஞோராவின்ரை நாய் சுகமோ? உன்னைவிட நல்லாச் சாப்பிடுதாமே?"

"ஓம், உன்னைவிட வடிவாக் குரைக்குது."

அதோடு டெலிபோன் கார்ட் முடிந்துவிடும்.

மற்றப் பெடியள் ஸ்டேஷனுக்குக் கிட்ட ஓர் அறையில் காட்ஸ் விளையாடுவார்கள். அங்கேயும் போய்ப் பார்த்தேன். ஓர் அண்ணைக்கு நல்ல காட்ஸ் வந்தால் மீசை துடிக்கும். அதைக் கண்டுபிடித்து எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

"தம்பி, இது நல்ல ஊர். போய்ச் சுத்திப் பாருமன்" என்றார் அவர். மற்றவர்கள் கதவைத் திறந்தே விட்டார்கள்.

அதனால் சுற்றிப் பார்த்தேன். பஸ்ஸில் யன்னலோரமாக இருந்து கடைசித் தரிப்பு வரை போவது, அதே பஸ்ஸில் திரும்புவது. இவன் இறங்க மாட்டான் என்று டிரைவர்மாருக்கும் பழகிவிட்டது.

அப்படியொரு வியாழன், பெல்லெகிரினோ மலைக்குப் போகிற பஸ்ஸில் ஒரு யப்பான்காரர் ஏறினார். தலை நரைத்தவர், தனி ஆள். டிக்கெட்டைக் குத்துகிற பெட்டிக்குள் தலைகீழாகத் திணித்துக்கொண்டு நின்றார். வாங்கித் திருப்பிக் குத்திக் கொடுத்தேன். அவர் குனிந்து வணக்கம் சொன்னார். நான் இன்னும் தாழ்ந்து பதிவாகக் குனிந்தேன். அவர் அதைவிடப் பதிவாகக் குனிய, பஸ் வளைவில் திரும்ப, ஆள் என் மடியில் வந்து விழுந்தார். அப்படித்தான் சிநேகிதம் பிடித்தோம்.

பஸ் வளைந்து வளைந்து ஏறியது. அவர் பையிலிருந்து ஒரு போஸ்ட்காட்டை எடுத்தார். "மை டவுன்" என்றார். நாலு பக்கமும் மலை, நடுவில் ஊர், தெருவில் ட்ராம். மலைக்கு மேலே ஒரு கம்பியில் சின்னப் பெட்டி தொங்கியது. அதற்குள் ஆட்கள் இருந்தார்கள்.

கம்பி அறுந்தால் என்ன நடக்கும் என்று கையால் வெட்டிக் காட்டினேன். அவர் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுக் காட்டினார். எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

"யுவர் டவுன்? மவுண்டன்?"

யாழ்ப்பாணம் தோசைக்கல்லு மாதிரித் தட்டை. அதைச் சொல்ல ஆங்கிலம் இல்லாமல் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அவர் அதைக் கவனமாகப் பார்த்து, ஒரு ரேகையைத் தொட்டு, "லோங் லைஃப்" என்றார்.

மலையில் புனிதை ஒருத்தியின் கோயில் இருப்பது குகைக்குள். வாசலில் நான் பழக்கத்தில் சப்பாத்தைக் கழற்றினேன். கிறிஸ்தவ வேதக்காரரோ சைவக்காரரோ, எங்கள் ஆட்களுக்குக் கோயில் வாசலில் கை தானாகக் காலுக்குப் போகும். பக்கத்தில் பார்த்தால் யப்பான்காரரும் குனிந்து லேஸ் அவிழ்க்கிறார். இந்த ஊரில் அப்படி யாரும் கழற்றுவதில்லை என்று அவரைப் பார்த்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. அவரோ என்னைப் பார்த்து, இதுதான் இந்த ஊர் முறை என்று நிச்சயப்படுத்திக்கொண்டார்.

உள்ளே பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் ஈரம். சொக்ஸ் அதை நன்றாகக் குடித்தது. ஒரு கிழவி எங்கள் கால்களைப் பார்த்தா. பெரிய நேர்த்திக்கடன் என்று நினைத்திருப்பா. சிலுவை போட்டுக்கொண்டு, கையைப் பிடித்து எங்களை முன்னுக்கு விட்டா. மற்றவர்களும் விலகி வழி விட்டார்கள். நாங்கள் சளக் சளக் என்று முன்னே போய்ப் பெரிய பக்தர்கள் போல நின்றோம். நின்றதற்கு ஏதாவது கேட்க வேண்டுமே. என் கூட்டாளியின் செவ்வாயை வியாழன் ஆக்கிவிடு என்று கேட்டேன்.

வெளியே வந்து படியில் இருந்து சொக்ஸைப் பிழிந்தோம். அவர் தன்னுடையதைக் கம்பி வேலியில் கொடி போலக் காயப் போட்டார். அது ஆடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் போய்விட்டது.

பழைய கல்லுப் பாதையால் நடந்தே இறங்கினோம். கீழே ஊரும் துறைமுகமும் கிடந்தன. நான் தமிழில் கதைத்தேன், அவர் யப்பான் பாசையில் கதைத்தார். நக்கலடித்தாலும் விளங்காத ஆளிடம் என்னத்தை நக்கலடிக்கிறது? அறையைப் பற்றி, காட்ஸைப் பற்றி, பஸ்ஸில் போய்ப் போய்த் திரும்பி வருவதைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஸ்டேஷனில் அந்தப் போஸ்ட்காட்டை என் கையில் வைத்துக் குனிந்தார். அவருடைய ரயில் போனது. கை காட்டி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பிளாட்பாரத்திலேயே நின்றேன். சட்டைப்பைக்குள் ஈரச் சொக்ஸ் குளிர்ந்தது. பகேரியா ரயில் பக்கத்துப் பிளாட்பாரத்தில்தான் நின்றது. கூண்டுக்குள் போய் நம்பரை அழுத்தினேன்.

"மலைக்குப் போனனான் மச்சான்."

"ஆரோடை?"

"ஒரு யப்பான்காரரோடை."

"புளுகாதை."

முழுவதும் சொன்னேன். அவன் சிரித்து முடித்தான். கார்ட் முடிந்துகொண்டிருந்தது.

"டேய், வியாழனுக்கு மாத்தித் தரச் சொல்லி உன்ரை சிஞ்ஞோராவைக் கேளன். தனியத் திரியேலாமக் கிடக்கு."

இதற்குப் பின்னால் ஒரு பகிடி வரும் என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பகிடி வரவில்லை.

"நாளைக்கே கேக்கிறன், நீ எனக்கொரு சோடி காஞ்ச சொக்ஸ் கொண்டு வா."