ஈ எச்சம் என்று நான் சுரண்டிய தீவு

இத்தாலியில் பிரான்காச்சோ என்ற இடத்தில் படங்களுக்குச் சட்டம் போடும் பட்டறையில் சேர்ந்த மூன்றாவது கிழமை நான் ஒரு தீவை அழித்தேன். அதற்கு முன் பதினொரு வருடம் வீடுகள் துப்பரவாக்கியவள். புள்ளியைக் கண்டால் கை சும்மா இராது.

பழைய படங்களில் ஈ எச்சம் காய்ந்து கறுத்து நிற்கும். அதைச் சின்னக் கத்தியால் சுரண்டி எடுப்பதுதான் என் வேலை. அன்று வந்தது ஒரு கடல் வரைபடம். கொண்டுவந்த இத்தாலிய அம்மாவைச் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம்; புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தென்துருவப் பக்கம் பனி மூடிக் கிடக்கும் ஆளில்லாத புவே தீவைக் காட்டினார்.

"வந்த கப்பல்காரர் எல்லாரும் தாங்கள்தான் முதல் கண்டது எண்டு ஆளுக்கொரு பேர் வைச்சிட்டினம். இதுக்கு மூண்டு பேர்."

அது மனதில் நின்றுவிட்டது. வரைபடத்தில் அந்த இடத்தில் லிவர்பூல், தொம்சன் என்று இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டும் ஒரே தீவுக்குத்தான் என்று நினைத்து, சற்று மேலே தனியாக நின்ற புள்ளியை ஈ எச்சம் என்று சுரண்டினேன். கத்தி நுனியில் வந்தது அச்சு மை. பூதக்கண்ணாடியை அதன் பிறகுதான் எடுத்தேன். தீவின் கரைக்கோடு பாதி மிச்சம் இருந்தது.

கண்ணாடி வெட்டும் ராசன் அண்ணை எட்டிப் பார்த்தார்.

"ஐயோ பிள்ளை, தீவையே துடைச்சுப் போட்டியே! ஒருத்தரிட்டையும் கதையாதை. கண்ணாடியைப் போட்டு மூடுவம். அங்கை ஆர் போய்ப் பாக்கப் போகினம்?"

"சிஞ்ஞோரா பார்ப்பா, அண்ணை."

"பாத்தால் என்ன? வடிவாத் துடைச்சிருக்கிறாய் எண்டு மெச்சுவா."

என்னை வைத்திருப்பதா என்று முதலாளி மாத முடிவில்தான் சொல்வதாக இருந்தது. நாலு பேர் முன்னால் வாய் திறப்பதே எனக்குப் பெரும் பாடு. இருந்தும் சிஞ்ஞோரா வந்ததும், முதலாளியும் நிற்க, வரைபடத்தை விரித்து விரலால் காட்டினேன்.

"இதிலை ஒரு தீவு இருந்தது. நான்தான் சுரண்டினது."

முதலாளியின் முகம் சிவந்தது. குனிந்து பார்த்த சிஞ்ஞோரா சிரிக்கத் தொடங்கினார்.

"தொம்சனோ? அப்பிடி ஒரு தீவே இல்லை. ஒருத்தர் கண்டன் எண்டு சொல்லிப் பேரும் வைச்சிட்டார். பிறகு தேடிப் போன ஒருத்தரும் காணேல்லை."

முதலாளி சிரிக்கவில்லை.

"கடலிலை இல்லாட்டியும் படத்திலை இருந்தது."

அது சரிதான். சிஞ்ஞோராவும் தலையாட்டினார். பின்புறத்தில் ஒட்ட ஒரு தாள் கேட்டார். எந்த இடத்தில் எந்தத் தீவு இருந்தது, எப்படிப் போனது என்று இத்தாலியனில் என்னையே எழுதி, கீழே என் பெயரையும் போடச் சொன்னார். என் எழுத்துப் பிழைகளை முதலாளி திருத்தினார். பிறகு என் பக்கம் பாராமலே சொன்னார்:

"திங்கள் வந்த உடனை இப்பிடித் தாள் கொஞ்சம் வெட்டி வை. இனி எல்லாப் படத்துக்கும் என்ன எடுத்தனி எண்டு எழுது."

வேலை நிலைத்தது என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: முதலில் பூதக்கண்ணாடி, பிறகு கத்தி. தவறி எடுத்துவிட்டால் எழுதி வையுங்கள், பெயரோடு.