ஏசா கில்லெட்டின் கைப்பிடி

என் கணவர் ஏசா கில்லெட்டுக்கு உலகத்தில் ஒரே ஒரு வேகம்தான் தெரியும். காப்பிக்கொட்டை அரைப்பதும் ஆப்பிள் தோல் சீவும் கருவியைச் சுற்றுவதும் அந்த வேகத்தில்தான். பக்கத்தில் நிற்பவருக்குப் பைத்தியம் பிடிக்கும், அவ்வளவு நிதானம். ஆனால் எங்கள் ஹார்ட்ஃபர்ட் ஊர்த் துப்பாக்கி ஆலை அந்த வேகத்துக்குத்தான் சம்பளம் கொடுத்தது.

ஆலையில் செய்த சுழல் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்க்கும்போது கைப்பிடி சுற்றுவது அவர் வேலை. ஒரு தண்டைச் சுற்றிப் பத்துக் குழல்கள்; கைப்பிடியைச் சுற்றினால் அவையும் சுழலும். மேலே நிற்கும் பெட்டியிலிருந்து தோட்டா தன் எடையாலேயே விழும். சுழன்று வரும் குழல் அதை வாங்கிக்கொண்டு, அடிப்பக்கம் வரும்போது வெடித்து, மேலேறும்போது வெற்றுக்கூட்டைத் துப்பிவிடும். தோட்டா விழக் கொஞ்சம் நேரம் வேண்டும். அவசரப்பட்டால் பாதி விழுந்ததை இரும்பு கடித்துக்கொள்ளும், துப்பாக்கி நின்றுபோகும். மனிதரைக் கொல்லும் சாமான் என்று எங்களுக்குத் தெரியாமலில்லை. எங்கள் தெருவின் ரொட்டியும் அதிலிருந்துதான் வந்தது.

அப்போது நான் விதவை. சோதனைத் திடலின் வேலியை ஒட்டி, ஆலைத் தொழிலாளிகளுக்குச் சாப்பாட்டு விடுதி நடத்திக்கொண்டிருந்தேன். சுடும் சத்தத்தை வைத்தே சுற்றுவது யார் என்று அடுப்படியிலிருந்து சொல்லிவிடுவேன். ஏசா இரண்டு வருஷமாக என் மேஜையில் வாய் திறக்காமல் அவரைக்கொட்டையும் பன்றிக்கறியும் சாப்பிட்டவர்.

வெளிநாட்டுக் கடற்படை அதிகாரிகள் சோதனை பார்க்க வந்த அன்று காலைதான் வாய் திறந்தார்.

“தர்ஸா, என்னைக் கட்டிக்கிறியா?”

கையில் அடுப்பிலிருந்து எடுத்த சூடான பூசணி அப்பம் வேறு. “இப்பத்தான் நேரம் பாத்தீங்களா? போய் வேலைய முடிச்சிட்டு வாங்க, சொல்றேன்” என்றேன். கொஞ்சம் திமிர்தான்.

பத்து மணிக்குச் சத்தம் தொடங்கியது. முதலில் அவருடைய வேகம். பிறகு கொஞ்சம் கூடியது. அப்புறம் ஒரே ஓட்டம். கையிலிருந்த கரண்டியைப் போட்டேன். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை! சீக்கிரம் முடித்துவிட்டுப் பதிலைக் கேட்கப் பறக்கிறார் மனுஷன்.

சத்தம் பட்டென்று நின்றது.

வேலிக்கு ஓடினேன். அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நசுங்கிய தோட்டாவை நெம்பி எடுத்துக்கொண்டிருந்த ஏசாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மேஸ்திரி ஹல்பர்ட், பக்கத்தில் நின்ற இன்னொரு கைப்பிடிக்காரன் டட்டிலைக் காட்டிக் கத்தினார்:

“யோவ் கில்லெட்! பேய் கீய் பிடிச்சிருக்கா? இன்னொரு தடவை சிக்குச்சு, கைப்பிடிய டட்டில்கிட்ட குடுத்துட்டு நீ வீட்டுக்குப் போ!”

ஏசா மறுபடி கைப்பிடியைப் பிடித்தார். கண் மட்டும் அதிகாரிகளின் கடிகாரத்தில் இருந்தது. இந்த அவசரத்தோடு சுற்றினால் மறுபடியும் சிக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது.

“ஏசா! கட்டிக்கிறேன்! மெதுவாச் சுத்துங்க!”

திடல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டட்டில் விழுந்து விழுந்து சிரித்தான். ஒரு அதிகாரி தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் வைத்தார். ஏசா மட்டும் திரும்பவில்லை. மூச்சை இழுத்துவிட்டுச் சுற்றத் தொடங்கினார். அவருடைய பழைய வேகம், தோட்டாவுக்கு விழ நேரம் கொடுக்கும் வேகம். பெட்டி மேல் பெட்டியாகக் காலியானது. கடைசிவரை ஒரு முறைகூடச் சிக்கவில்லை.

புகை அடங்கியதும் வேலிக்கு வந்தார். காதெல்லாம் சிவந்திருந்தது.

“நிஜமாத்தான் சொன்னியா, இல்ல துப்பாக்கிக்காகச் சொன்னியா?”

“ரெண்டும்தான். அப்பம் ஆறிப்போச்சு, வாங்க.”

இப்போதும் காலையில் காப்பிக்கொட்டை அரைப்பவர் அவர்தான். காப்பி வர வெகுநேரம் ஆகும். நான் உட்கார்ந்து காத்திருப்பேன். அந்த மனுஷனை அவசரப்படுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு முறை பார்த்தது போதும்.